பொருள்வயிற் பிரிவும் குடிநுழைவுச் சட்டமும்
கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றில் ஒரு பகுதி

அகப்பொருள் இலக்கணம் வகுத்தோர் பிரிவைப் பலவாகப் பகுத்தனர். அவற்றுள் ஒன்று பொருள்வயிற் பிரிவு. பொருள் தேடிச் செல்பவன் தலைவன். இல்லிருந்து ஆற்றியிருப்பவள் தலைவி. கடல்வழிச் செலவு மகளிரோடு கூடியதன்று என்னும் கருத்துடைய நூற்பா ஒன்றும் தொல்காப்பியத்து அகத்திணையியலில் உண்டு. எனினும் அப்பிரிவுக்கு ஓர் எல்லை இருந்தது. கார்காலம் தொடங்கியதும் தலைவன் மீள்வான் என்பது முல்லைத்திணை தரும் உறுதி.

இருபதாம் நூற்றாண்டில் மலாயாத் தோட்டங்களுக்குக் கடல் கடந்து வந்த தமிழனுக்கு இவ்வுறுதி இல்லை. அவனுடைய பிரிவின் எல்லையைக் கப்பலும் போரும் சட்டமும் வகுத்தன. பிரிந்திருந்த காலத்தின் நீளமே மனைவி கணவனிடம் வந்து சேர்வதற்குத் தடையாகிய காலமும் உண்டு. அவ்வரலாற்றை ஆராய்வதற்குக் கேமரன் மலை தக்கதோர் இடமாகும்.

மலை திறந்த காலம்

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இம்மலைப்பகுதி, 1885-இல் இதனை அளந்த வில்லியம் கேமரனின் பெயரால் வழங்குகிறது. ஆயினும் தேயிலை இங்குப் பெருந்தொழிலாக வளர்ந்தது நெடுங்காலம் கழித்தேயாகும். ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தோற்றுவித்த ஆண்டு 1929. பாரத் தேயிலை நிறுவனம் 1933-இல் தொடங்கிற்று. காட்டை அழித்துச் சரிவுகளைத் திருத்தியதிலும், கன்று நட்டுக் கொழுந்து பறித்ததிலும் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது.

இக்காலக் கணக்கைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கடலோர ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் வரத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே மலைத்தோட்டங்கள் பிறந்தன. 1907-இல் அமைந்த குடியேற்ற நிதியின் உதவியால், கங்காணிகள் ஆள்சேர்த்துக் கப்பலேற்றும் முறை பெருகியிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930-இல் அம்முறை நின்றது. 1934-இல் மீண்டும் தொடங்கியது. 1938-இல் தோட்டக் கூலி குறைக்கப்படவே, இந்திய அரசு அவ்வாண்டு சூன் திங்களில் உதவிப் பயணத்தை அடியோடு நிறுத்தியது. ஆகவே, நிதியின் செலவில் ஆள் வருவதற்கு மலைத்தோட்டங்களுக்குக் கிடைத்த காலம் மிகச் சிறிது. முதலில் தான் வந்து, கைப்பொருள் சேர்ந்தபின் மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தவனுக்கு அவ்வழி அடைபட்டது. இனி அவன் தன் காசில் கப்பற் சீட்டு வாங்குதல் வேண்டும்.

ஆணும் பெண்ணும்

தனித்து வந்த ஆடவர் எத்துணை மிகுதி என்பதை மக்கட்கணக்கு காட்டும். மலாயா இந்தியருள் 1,000 ஆடவருக்குப் பெண்டிர் 1921-இல் ஏறத்தாழ 406 பேர். 1931-இல் 482 பேர். 1947-இல் 637 பேர். இக்குறையை இந்திய அரசு அறியாமல் இல்லை. 1922-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் எழுந்த விதிகள், உதவி பெற்றுச் செல்வோருள் ஐவரில் ஒருவருக்கு மேல் தனித்த ஆடவராக இருத்தலாகாது என்றன. ஆனால் மலாயாவுக்கு இவ்விதியினின்று விலக்குத் தொடர்ந்து அளிக்கப்பட்டது. குடும்பமாக வருக என்பது விதி. தனியாளாக வருக என்பது நடைமுறை. பின்னர் எழுந்த இடர்கள் பலவற்றுக்கும் வித்து இதுவேயாம்.

1941 டிசம்பரில் சப்பானியர் படையெடுத்தனர். 1945 வரை தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே கப்பற் போக்குவரவு அற்றது. கடிதமும் பணமும் செல்ல வழியில்லை. தோட்டங்களிலிருந்து சயாம் இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டோருள் மீளாதவர் பலர். அக்கரையில் இருந்த மனைவியர், தாம் சுமங்கலியோ கைம்பெண்ணோ என்பதே அறியாமல் ஆண்டுகளைக் கழித்தனர்.

ஐந்தாண்டுக் கணக்கு

போருக்குப் பின் ரஜுலா முதலிய கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே மீண்டும் ஓடின. குடும்பங்கள் வந்து சேரத் தொடங்கின. அந்நிலையில், 1953 ஆகஸ்டு 1 முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொதுத் தொழிலாளர் வரவு அதனால் நின்றது. எனினும் இங்கு வாழ்வோரின் மனைவி மக்களுக்கு வாயில் திறந்தே இருந்தது. 1959-இல் அதுவும் சுருங்கிற்று. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு நுழைவு மறுக்கப்படலாயிற்று.

புதிதாக விடுதலை பெற்ற நாடு, தன் மக்கள் யாவர் என வரையறுக்க முற்பட்டது இயல்பே. குடும்பம் இங்கே வேரூன்ற வேண்டும் என்னும் நோக்கும் குறைகூறத்தக்கதன்று. ஆயினும், நீண்ட பிரிவு பற்றின்மைக்குச் சான்றாகுமா என்பதே வினா. தோட்டத்து வாழ்வில் ஐந்தாண்டு பெருங்காலமன்று. தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்வாள், மாமியார் நோயுறுவாள், நிலம் ஒத்தியில் இருக்கும், மைத்துனிக்கு மணமுடிக்க வேண்டியிருக்கும். நாட்கூலியில் மிச்சம் பிடித்துக் கப்பற் சீட்டுக்குப் பணம் சேர்ப்பதற்குள் ஐந்தாண்டு கழிந்துவிடும். திங்கள்தோறும் பணவிடை அனுப்பியவனையும் மனைவியை மறந்தவனையும் இக்கணக்கு வேறுபடுத்திக் காணவில்லை.

சான்று பற்றிய இடர் மற்றொன்று. ஊர்ப் பெரியோர் முன்னிலையில் தாலி கட்டி நடந்த மணத்துக்கு ஏட்டில் பதிவு ஏது? மலேசியாவில் முசுலிம் அல்லாதார் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டிலோ அனைவருக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-இல் இயற்றப்பட்டது. ஊரறிந்த மணம் அலுவலகம் அறியாத மணமாக நின்றது.

மற்றொரு தேயிலை நாடு

இலங்கை மலையகத்திலும் இதனோடு ஒத்த நிலை காணப்படுகிறது. 1949-இல் அங்கு இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானோர்க்கு ஏழாண்டும் மணமாகாதோர்க்குப் பத்தாண்டும் தொடர்ந்த வதிவைக் கேட்டது. மனைவியும் சிறுபிள்ளைகளும் அந்நாட்டிலேயே வதிந்திருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. மனைவி தமிழகம் சென்று தங்கிய காலம் கணவனின் விண்ணப்பத்துக்கே ஊறு செய்யக்கூடியதாயிற்று. இரண்டு நாடுகளிலும், இரு கரைகளுக்கிடையே பகிர்ந்து வாழ்ந்த குடும்பத்தைச் சட்டம் ஐயத்தோடு நோக்கியது என்பது தெளிவு.

மலேசியாவில் 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இச்சிக்கலின் மறுபக்கத்தைக் காட்டிற்று. குடியுரிமை இல்லாதார் வேலை உரிமம் பெற வேண்டியதாயிற்று. அதனால் 1969-க்குப் பின் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். ஒரே லயத்து வீட்டில் குடியுரிமை பெற்றவரும் பெறாதவரும் இருந்தமையால், முன்பு சேர முடியாதிருந்தோரைப் போலவே, சேர்ந்து வாழ்ந்தோரும் பிரிய நேர்ந்தது.

மலேசிய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, குடிமகனை மணந்த அயல்நாட்டுப் பெண் உரிய தகுதிகளோடு குடிமகளாகப் பதிந்துகொள்ள வழி செய்கிறது. குடிமகளை மணந்த அயல்நாட்டு ஆடவனுக்கு அதில் இடமில்லை. இப்பெண்ணுக்கும் இந்நாட்டில் வதிந்த காலம் கணக்கிடப்படுகிறது. வருவதற்கே இசைவு கிட்டாதவள் வதிந்த காலத்தை எங்ஙனம் காட்டுவாள்?

இவ்வரலாற்றின் மூலங்கள் அரசு ஏடுகளில் மட்டும் இல்லை. பழைய கடவுச்சீட்டு, கப்பற் சீட்டின் அடிக்கட்டை, பணவிடை இரசீது, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவை தோட்டத்து முதியோரின் தகரப் பெட்டிகளில் இன்னும் கிடக்கக்கூடும். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிவரும் இந்நாளில், அவற்றைப் படியெடுத்து ஆண்டு குறித்துப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் காப்பது தமிழாசிரியர் செய்யத்தக்க பணி. பொருள்வயிற் பிரிவைச் செய்யுளில் கற்கும் மாணவன், அதே பிரிவைத் தன் பாட்டியின் கடவுச்சீட்டிலும் கற்பானாயின், இலக்கியமும் வரலாறும் அவனுக்கு ஒருசேர விளங்கும்.