கரையேறிய கலமும் கல்லில் எழுதிய கணக்கும்

கடற்போர் வரலாறுகளில் கலங்கள் பாய் விரித்துப் புறப்படும் காட்சியும், பகைவர் கலத்தை மோதி உடைக்கும் காட்சியும் நிறையக் காணப்படும். போன கலம் திரும்பி வந்தபின் அதனை எங்கே ஏற்றி வைத்தனர், பாயை யார் பெற்று வைத்தனர், கயிறுகளை யார் எண்ணி வாங்கினர் என்னும் செய்திகளை வரலாற்றாசிரியர் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு நாட்டின் கடல்வலிமை இச்சிறு செயல்களாலேயே நிலைபெறுகிறது. இவ்வுண்மைக்குப் பண்டைய கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரம் தக்க சான்றாகும்.

நீரும் மரமும்

கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் ஏதென்ஸின் போர்க்கலம் மூன்றடுக்குத் துடுப்புகளைக் கொண்டது. ஒரு கலத்தில் 170 பேர் துடுப்பு வலித்தனர். நெடுந்தொலைவு செல்வதற்குப் பாயும் பாய்மரமும் இருந்தன. போர் நெருங்கினால் பெரும்பாயைக் கரையிலேயே விட்டுச் செல்வது வழக்கம். விரைவை வேண்டி இலேசான மரத்தால் கட்டப்பட்ட அக்கலம், நெடுநாள் நீரிலேயே கிடந்தால் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவும் அதன் அடிப்பாகத்தை அரிக்கும். ஆகவே, கடல்வேலை முடிந்ததும் கலத்தைக் கரைக்கு இழுத்து உலரவிடுதல் இன்றியமையாததாயிற்று.

இதனைச் செய்ய இயலாதபோது நேர்ந்தது யாது? கி.மு. 415-இல் ஏதென்ஸ் சிசிலித் தீவின்மீது பெரும்படை அனுப்பியது. அடுத்த ஆண்டு, படைத்தலைவர் நிக்கியாஸ் தம் நகருக்கு விடுத்த மடலைத் தூசிடைடீஸ் தமது வரலாற்று நூலில் தருகிறார். தொடக்கத்தில் கலங்கள் உலர்ந்து உறுதியாயிருந்தன, இப்போது நீரூறிவிட்டன, பகைவர் கலங்கள் எந்நேரமும் தாக்கக்கூடுமாகையால் அவற்றைக் கரையேற்றி உலர்த்த வழியில்லை, பகைவருக்கோ அவ்வாய்ப்பு உண்டு என்பது அம்மடலின் கருத்து. கி.மு. 413-இல் சிரக்யூஸ் துறைமுகத்தில் அக்கடற்படை அழிந்தது. அவ்வழிவுக்குக் காரணங்கள் பல; உலராத கலமும் அவற்றுள் ஒன்று.

கப்பற் கொட்டில்கள்

ஏதென்ஸின் துறைமுக நகரமாகிய பைரீயஸில் கந்தரோஸ், சேயா, முனீக்கியா என மூன்று துறைகள் இருந்தன. அவற்றின் கரையெங்கும் கப்பற் கொட்டில்கள் வரிசையாக நின்றன. கடலை நோக்கிச் சரிந்த தளம், இரு பக்கமும் தூண்கள், மேலே கூரை, இவையே ஒரு கொட்டிலின் அமைப்பு. சேயாவில் 1885-ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்வாய்வில், ஒரு கொட்டிலின் அகலம் ஏறத்தாழ 6 மீட்டரே என்பது புலனாயிற்று. கலத்துக்கும் தூணுக்கும் இடையே சிறிதளவே இடம் இருந்தது. நூறாண்டுக்குப்பின் பண்டைய கலத்தைப் போல ஒன்றைக் கட்ட முனைந்த அறிஞர்களுக்கு இக்கொட்டில்களின் அளவே வழிகாட்டியது. 'ஒலிம்பியாஸ்' என்னும் அக்கலம் 1987-இல் கடலில் இறங்கியது.

கி.மு. 404-இல் ஏதென்ஸ் போரில் தோற்றது. அப்போது ஆட்சியைக் கைப்பற்றிய முப்பதின்மர், 1,000 தாலந்துக்குக் குறையாத செலவில் எழுந்த கொட்டில்களை, இடித்தெடுத்துக்கொள்ளுமாறு 3 தாலந்துக்கு விற்றனர் என்று ஐசோக்ரட்டீஸ் சாடுகிறார். மக்களாட்சி மீண்டபின் கொட்டில்களும் மீண்டும் எழுந்தன. கி.மு. 330-ஐ ஒட்டிய கணக்கின்படி முனீக்கியாவில் 82, சேயாவில் 196, கந்தரோஸில் 94, ஆக 372 கொட்டில்கள் இருந்தன.

திரும்பி வராத கருவிகள்

கலத்தைக் கரையேற்றுவதோடு வேலை முடிந்துவிடவில்லை. கலத்தின் கருவிகளை ஏதென்ஸ் மக்கள் இருவகையாகப் பிரித்தனர். துடுப்பு, பாய்மரம், ஏணி முதலியவை மரக்கருவிகள். பாய், கயிறு, பக்கத் திரைகள் முதலியவை தொங்கு கருவிகள். கலமும் கருவியும் அரசுக்குரியவை. செல்வர் ஒருவர் ஓராண்டுக்குக் கலத்தலைவராகப் பொறுப்பேற்று, கருவிகளைப் பெற்றுச் சென்று, ஆண்டு முடிவில் ஒப்படைத்தல் வேண்டும்.

ஒப்படைக்காதவர் பலர். கி.மு. 357-ஐ ஒட்டி அவசரமாகக் கடற்படை புறப்பட வேண்டியிருந்தபோது, சாலையில் கருவிகள் இல்லை. பாய்த்துணியும் கயிறும் பைரீயஸ் கடைகளிலும் போதிய அளவு கிடைக்கவில்லை. முன்னவர் வீட்டுக்குச் சென்று கருவிகளைக் கேட்ட கலத்தலைவர் ஒருவர், பேச்சு முற்றிக் கைகலப்பில் முடிந்ததை வழக்குமன்றத்தில் எடுத்துரைத்தார். அவ்வுரை டெமாஸ்தனீஸ் பெயரால் வழங்கும் சொற்பொழிவுத் தொகுதியில் இன்றும் உள்ளது. ஒருவர் வீட்டில் முடங்கிய பாய், ஒரு நகரத்தின் கலத்தையே கரையில் நிறுத்தக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

பிலோன் கட்டிய சாலை

பத்தாண்டுகள் கழித்து, கி.மு. 347-ஐ ஒட்டித் தொங்கு கருவிகளுக்கெனப் பெரியதொரு பண்டகசாலை தொடங்கப்பெற்றது. அதனை வகுத்தவர் பிலோன் என்னும் கட்டடக் கலைஞர். அதன் அமைப்பைக் கூறும் கல்வெட்டு 1882-இல் கிடைத்தது. சாலையின் நீளம் அக்கால அளவில் 400 அடி. அகலம் 55 அடி. பாய்களுக்கும் வெண்திரைகளுக்கும் 134 பெட்டிகள்; கயிறுகளுக்குத் தட்டுகள். உள்ளே குளிர்காற்று உலவுமாறு கற்களிடையே இடைவெளி விடவும் ஏற்பாடு செய்தனர்.

யாவற்றினும் சிறந்தது நடுவழியாகும். பொதுமக்கள் நடந்து செல்வதற்கென 20 அடி அகலத்தில் ஒரு பாதை விடப்பட்டது. நடப்போர் சாலையிலுள்ள கருவிகள் அனைத்தையும் காணும்படி பெட்டிகள் அமைய வேண்டுமென்று அக்கல்வெட்டே விதிக்கிறது. பொதுப்பொருளுக்குப் பூட்டு மட்டும் காவலன்று. பொதுமக்கள் கண்ணும் காவலே என்பதை அந்நகரத்தார் உணர்ந்திருந்தனர்.

கணக்கும் கல்லில் ஏறியது. ஆண்டுதோறும் மாறும் மேற்பார்வையாளர் பதின்மர், தாம் பெற்றதையும் அடுத்தவரிடம் ஒப்படைத்ததையும் சலவைக்கல்லில் பொறித்தனர். இன்ன கலத்தின் துடுப்பில் இத்தனை பழுது, இன்னார் தரவேண்டிய கருவி இது என்றெல்லாம் அதில் காணலாம். இறந்தவரின் கடன் அவர்தம் வாரிசின் பெயரில் ஏறியது. 1834-இல் பைரீயஸில் கிடைத்த இக்கற்களை ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் பூக் 1840-இல் வெளியிட்டார்.

கி.மு. 86-இல் உரோமப் படைத்தலைவன் சுல்லா பிலோனின் சாலையைக் கொளுத்தினான். பாயும் கயிறும் மறைந்தன, கணக்கு நிலைத்தது. வென்ற போர்களைப் பாடும் நூல்களோடு, திருப்பித் தராத பாயைக் குறித்து வைத்த இக்கற்களும் ஏதென்ஸின் பெருமையைச் சொல்வனவே. பொதுப்பொருளை எடுத்தாளும் உரிமை, அதனை எடுத்த இடத்தில், எடுத்த நிலையில் திரும்ப வைக்கும் கடமையோடு பிறந்தது என்பதே அவை தரும் பாடம்.