வகுப்புக் குழு பிறந்த கதை

சித்தாண்டிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் தூரத்து இடமல்ல. மட்டக்களப்பை நோக்கிச் சற்றுப் போனால் வந்தாறுமூலை; 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வளாகம் அங்கேதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது அதுவும் எட்டாத இடமாயிற்று. வகுப்பு கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்தது.

ஸூமில் விரிவுரை நடந்தது. ஆனால் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களில் அது அறுந்து அறுந்து போகும்; டேட்டாவையும் குடிக்கும். அங்கே கைகொடுத்தது வாட்ஸ்அப் குழு. நாலு நிமிடக் குரல்பதிவு, கையெழுத்துக் குறிப்பின் படம்: சிக்னல் கிடைத்தபோது இறக்கிவைத்து, விளங்காத இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். வகுப்பில் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கும் அங்கே கேள்வி எழுத இடமிருந்தது.

இப்படி வலையில் கூடிக் கற்பதன் விதை பழையது. 2008இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் சீமென்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் ஒரு பாடநெறியை உலகுக்கே திறந்துவிட்டார்கள். கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர்; வெளியிலிருந்து சேர்ந்தவர்கள் 2,000க்கும் மேல். மாணவர்களின் வலைப்பூக்களிலும் பாடம் வளர்ந்தது. அதற்கும் முன்பே, 1997இல், பால் கில்ஸ்டர் ‘டிஜிட்டல் எழுத்தறிவு’ என்று நூலுக்குப் பெயரிட்டபோது, விசை தட்டும் திறமையை அல்ல, திரையில் கண்டதை எடைபோடும் அறிவையே முன்வைத்தார்.

அந்த அறிவின் அருமை நமக்குப் பட்டுத்தான் தெரிந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, அயல் மாவட்டமான அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் கிடந்த கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மிரட்டலில், மொழியும் விளங்காமல், கடைக்காரர் தலையாட்டிய காணொளி ஆதாரம் என்று பேஸ்புக்கில் பரவியது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வு சொன்னபோது காலம் கடந்திருந்தது. வதந்தியும் வன்முறையும் தொடர, மார்ச் 7இல் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. பூட்டுப் போடலாம், பூட்டு யாருக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுக்காது.

கற்றுக்கொடுக்க வேண்டிய இடம் அந்த வகுப்புக் குழுதான். வாரம் ஒரு வதந்தியை விரிவுரையாளர் அதில் போடட்டும். முதலில் சொன்னவர் யார், படம் எந்த ஆண்டினது, வேறு எங்கே செய்தி வந்திருக்கிறது என்று பிள்ளைகள் தேடிப் பிடிக்கட்டும். பழகிய கை வீட்டிலும் சும்மா இராது. அம்மாவின் போனில் வந்து விழுந்ததை அடுத்தவருக்குத் தட்டிவிடுமுன் மகள் கேட்பாள்: “இத ஆரம்மா அனுப்பின?”