கழுவத் தீராத கையும் கணினித் திரையும்



புதுவைக்குத் தெற்கே வயல்கள் சூழ அமைந்த பாகூர், கல்வியால் புகழ்பெற்ற பழம்பதி. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில், அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. கல்வியைப் போற்றிய அம்மண்ணின் சிறுவரையும், பிறநாட்டுச் சிறுவரைப் போலவே, பற்றக்கூடிய நோய் ஒன்று உண்டு. எண்ணச் சுழற்சி நோய் என்றும், ஓ.சி.டி. என்றும் அதனை அழைப்பர். நூறு சிறுவரில் ஓரிருவருக்கு அது வரக்கூடும் என்பது மருத்துவர் கணிப்பு. வில்லியனூரும் பாகூரும் இதற்கு விலக்கல்ல.

இந்நோயின் இயல்பு யாது? வேண்டாத எண்ணம் ஒன்று மனத்தில் மீண்டும் மீண்டும் எழுகின்றது. கையில் அழுக்கு ஒட்டியிருக்குமோ? கதவைத் தாழிட்டோமா? இவ்வச்சத்தைத் தணிக்கவே சிறுவன் கைகழுவுகின்றான்; தாழைத் தொட்டுப் பார்க்கின்றான். கணநேரம் அமைதி கிட்டுகின்றது. ஆனால், அவ்வமைதியே அச்சத்துக்கு உரமாகி, அதனை முன்னினும் வலிதாக்கி விடுகின்றது. எழுதிய வரியை அழித்து அழித்துத் தாள் கிழிகின்றது. தேர்வு நேரமும் கழிகின்றது. வீட்டாரோ முதலில் “சுத்தக்காரப் பிள்ளை” என மெச்சுவர். பின்னர்ப் பிடிவாதம் எனக் கடிவர். சிலர் மந்திரிக்கவும் அழைத்துச் செல்வர்.

இந்நோயை முறையாக எழுதி வைத்தவருள் முன்னோடி, பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல். 1838இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு பெண்ணைக் குறிப்பிடுகின்றார். பிறர் பொருள் தன்னோடு ஒட்டி வந்துவிடுமோ என அஞ்சி, அவள் ஆடையை உதறிக்கொண்டும் கையைக் கழுவிக்கொண்டும் இருந்தாள். அவ்வச்சம் பொருளற்றது என்பதை அவளே அறிந்திருந்தாள். அறிந்தும் விடமுடியாமையே இந்நோயின் கொடுமை.

இதற்குரிய வழி 1966இல் புலப்பட்டது. லண்டனில் விக்டர் மேயர் என்னும் உளவியலறிஞர், நோயாளிகளை அஞ்சும் பொருளை எதிர்கொள்ளச் செய்து, கழுவாதிருக்கப் பழக்கினார். அச்சம் எழுந்தது, பின்னர்த் தானே தணிந்தது. நீந்தக் கற்பவன் நீரில் இறங்கியே கற்பதைப் போன்றது இது. 2004இல் அமெரிக்காவில் 112 சிறுவரிடம் நடந்த ஆய்விலே, இத்தகைய பயிற்சியோடு மருந்தும் பெற்றவருள் பாதிக்கு மேற்பட்டோர் நோயினின்றும் ஏறத்தாழ விடுபட்டனர். போலி மாத்திரை உண்டவருள் அவ்வாறு தேறியோர் நூற்றுக்கு நால்வர் அளவே.

ஆனால், பயிற்றுவிப்போர் நகரில், நோயாளியோ சிற்றூரில்! இவ்விடைவெளியைக் கணினியால் கடக்க முயன்றனர் சுவீடன் நாட்டார். 152 சிறுவரிடம் நடத்திய அவர்களது ஆய்வு 2021இல் வெளியாயிற்று. முதலில் இணையவழிப் பயிற்சியும், தேவைப்பட்டோருக்குப் பின்னர் நேர்முகச் சிகிச்சையும் தந்தபோது, தொடக்கம் முதலே நேரில் தந்ததற்கு அது குறைந்ததன்று எனக் கண்டனர்.

எனினும், ‘மூளைப் பயிற்சி’ எனத் திரையில் விற்கும் விளையாட்டுகளையெல்லாம் மருந்தென நம்பலாமா? கூடாது. 2016இல் லுமோசிட்டி என்னும் நிறுவனம், தன் விளையாட்டுகளைப் பற்றிச் சான்றின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கைத் தீர்க்க 20 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. சுவீடனில் பயன் தந்தது திரையன்று. திரைவழியே துணைநின்ற மருத்துவரும், அச்சத்தை எதிர்கொள்ளத் துணிந்த சிறுவரின் முயற்சியுமே.

நம் புதுவைக்கு மருத்துவக் கல்வி புதிதன்று. 1823இல் பிரெஞ்சுக்காரர் இங்கே மருத்துவப் பள்ளி நிறுவினர். அம்மரபில் வந்ததே 1964இல் பெயர் பெற்ற ஜிப்மர். அங்கே மனநலப் பிரிவு உண்டு. 2022இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ உதவியை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பெறலாம். பாகூர் வீட்டுத் திண்ணையிலிருந்தே பேசலாம். ஆயினும், நோயை நோயென்று அறியாதார் எவ்வாறு அழைப்பர்?

இங்கேதான் உங்கள் கடமை தொடங்குகின்றது. உங்களருகே அமர்ந்திருக்கும் தோழன் கைகழுவச் சென்று நெடுநேரம் திரும்பாதிருந்தால் நகையாதீர்கள்; அவனிடம் அன்போடு பேசுங்கள்; ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் உணர்த்துங்கள். கல்விக்கு ஊர்களையே கொடுத்த நாட்டில், ஒரு சிறுவனின் கல்வி அச்சத்தால் அழிய விடலாமா?