டோர் உலாவி

டோர் உலாவி என்பது பயர்பாக்சை அடிப்படையாகக் கொண்ட ஒரு கட்டற்ற இணைய உலாவி. தடை செய்யப்பட்ட தளங்களைத் திறக்கப் பலர் இதை நாடினாலும், இதன் வேர் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உள்ளது. 1990களின் நடுவில் பால் சைவர்சன் முதலியோர் அங்கு வெங்காயத் திசைவிப்பு முறையை உருவாக்கினர். செய்தி, வெங்காயத் தோல் போலப் பல அடுக்குகளாகக் குறியாக்கப்பட்டு, வழக்கமாக மூன்று கணினிகள் வழியே செல்கிறது. ஒவ்வொரு கணினியும் ஓர் அடுக்கை மட்டுமே உரிக்கும். அனுப்பியவர், சேரும் தளம் இரண்டையும் சேர்த்து அறியும் கணினி இடையில் எதுவும் இல்லை.

கடற்படை மட்டுமே பயன்படுத்தும் வலையமைப்பு யாரையும் மறைக்காது. அதில் வருபவர் எல்லாம் கடற்படையினர் என்று உடனே தெரிந்துவிடும். கூட்டத்தில்தான் ஒளிய முடியும். ஆகவே பொதுமக்களும் அதில் கலக்க வேண்டியிருந்தது. 2004இல் டோரின் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. 2006இல் இலாப நோக்கற்ற அமைப்பாக டோர் திட்டம் தொடங்கப்பட்டது. உலாவிக்கான பணி 2008இல் தொடங்கியது.

இடைக் கணினிகளின் பட்டியல் வெளிப்படையானது. தடுப்பவருக்கு அதுவே போதும். 2009இல் சீனா அம்முகவரிகளைத் தடுத்தபோது, பட்டியலில் இடம்பெறாத 'பாலங்கள்' வழியே பயனர்கள் நுழைந்தனர். பின்னர் பாலங்களும் தேடித் தடுக்கப்பட்டன. 2012இல் ஈரான் குறியாக்கப்பட்ட போக்குவரத்தையே முடக்கியது; அப்போக்குவரத்தை அடையாளம் தெரியாதபடி உருமாற்றும் ஆப்சுபிராக்சி அப்போது வெளிவந்தது. 2021 திசம்பரில் உருசியா டோரின் இணையத்தளத்தைத் தடுத்தது.