வகுப்பறையும் நம் வீடும்

வெள்ளி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, உயர்கல்வி பற்றியும் உத்தியோகம் பற்றியும் எழுதப் பலர் முன்வருவர், நான் ஒன்றாம் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர் சற்றே தயங்கினார். மலரைப் படிக்கப் போகிறவர்கள் கல்லூரி இளைஞர்கள் ஆயிற்றே என்பது அவர் கவலை. ஆனால் அந்த இளைஞர்கள்தாம் இன்று தாய் தந்தையராகிக் கொண்டிருக்கிறார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் நம் தாய்மார்களிடம் ஒரே விடையைக் கேட்டிருக்கிறேன். "எங்களுக்கு எழுத்தே தெரியாதுங்க ஐயா, ஊட்ல இன்னாத்த சொல்லிக் குடுக்கிறது?" பட்டாபிராமில் இன்று அப்படிச் சொல்லும் தாய்மார் குறைவு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறியவர்கள் அவர்கள். ஆயினும், "இப்பல்லாம் பாடமே மாறிப் போச்சு சார், எங்களுக்கு ஒண்ணும் புரியல" என்கிறார்கள். சொல் மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை. நம் வீட்டுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் தொடர்பில்லை என்னும் இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பட்டாபிராம் 1997-ஆம் ஆண்டு வரை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அம்மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர் 1891-ல் நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை ஒன்று எழுதினார். பஞ்சமி நிலத்தின் வரலாற்றில் அவ்வறிக்கையை அறியாதார் இல்லை. கல்வியின் வரலாற்றுக்கும் அது தொடக்கமே. அன்று ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றனர், எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தனர். அந்தத் திண்ணைகளில் சேரிப் பிள்ளைக்கு இடமில்லை. இடம் கிடைத்திருந்தாலும் பகலில் அவன் ஆண்டையின் மாட்டுக்குப் பின்னே போக வேண்டியவன். தந்தை வாங்கிய கடனுக்கு மகன் உழைத்த காலம் அது.

1893 பிப்ரவரி 1-ஆம் நாள் சென்னை அரசு பிறப்பித்த 68-ஆம் எண் கல்வி ஆணையைப் 'பஞ்சமர் கல்வியின் மகாசாசனம்' என்று பிற்காலத்தார் போற்றினர். நம் குடியிருப்புகளில் தனிப் பள்ளிகள், பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம், நம்மவர் ஆசிரியப் பயிற்சி பெற உதவித்தொகை முதலியவை அதில் இடம் பெற்றன. இரவுப் பள்ளியும் அதில் ஒன்று. பகலெல்லாம் உழைக்கும் பிள்ளையின் வீட்டு நிலையை அறிந்து, அவனுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்துக்குப் பள்ளியைக் கொண்டு சென்ற ஏற்பாடு அது. திருவள்ளூர், ஈக்காடு வட்டாரத்தில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி போன்றோரும் இக்காலத்தில் நம்மிடையே பணியாற்றினர்.

என்ன கற்பித்தார்கள் என்பதற்கு அடையாற்றுப் பள்ளிகளே சிறந்த சான்று. கர்னல் ஆல்காட் 1894-ல் ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதருக்கும் அவருக்கும் இருந்த நட்பு நாம் அறிந்ததே. பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளிலும் பள்ளிகள் எழுந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த பாமர் அம்மையாரும் கோர்ட்ரைட் அம்மையாரும் இப்பள்ளிகளைக் கண்காணித்தனர். மனப்பாடமே கல்வி என்றிருந்த நாளில், விளையாட்டின் வழியும் பொருள்களைக் கண்டும் தொட்டும் கற்கும் குழந்தைத் தோட்ட முறையை அவர்கள் நம் பிள்ளைகளிடம் கொண்டு வந்தனர். சென்னையின் உயர்குடிப் பிள்ளைகள் பலர் எண்சுவடி ஒப்பித்துக் கொண்டிருந்தபோது சேரிப் பிள்ளைகள் புதுமுறைக் கல்வி பெற்றனர் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்டன என்பது அவற்றின் குறை. அதனையும் மறைக்க வேண்டியதில்லை.

இதே மரபில் வந்தவர் பரங்கிமலையில் 1883-ல் பிறந்த பெருந்தலைவர் எம்.சி. ராஜா. சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய பணிகளை மேடைதோறும் பேசுகிறோம். அவர் பள்ளி ஆசிரியர் என்பதையும், சிறுவருக்கான பாட நூல்கள் எழுதியவர் என்பதையும் பேசுவதில்லை. ஆர். ரங்கநாயகி அம்மாளுடன் சேர்ந்து அவர் ஆக்கிய 'கிண்டர்கார்டன் ரூம்' என்னும் நூலில் மழலைப் பாட்டுகள் இடம் பெற்றன. வட்டமேசையையும் பூனா ஒப்பந்தத்தையும் பற்றி வாதிட்ட அதே தலைவர், மூன்று வயதுக் குழந்தை தாயின் மடியில் எதைப் பாடும் என்றும் எண்ணிப் பார்த்திருக்கிறார். அரசியல் வேறு, அரிச்சுவடி வேறு என்று அவர் கருதவில்லை.

1920-க்குப் பின் தொழிலாளர் துறையின் கீழ் நம் குடியிருப்புகளில் பள்ளிகள் திறக்கப்பட்டன. முதியவர்கள் இன்றும் 'லேபர் ஸ்கூல்' என்று சொல்வது அவற்றையே. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கு அவையே மூத்தவை.

இனி 1953-க்கு வருவோம். இங்கே சற்று நின்று பேச வேண்டும். அவ்வாண்டு இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் புதிய திட்டம் ஒன்றைப் புகுத்தியது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் படித்தால் போதும், மற்ற நேரத்தில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டு இருமடங்கு பிள்ளைகளுக்கு இடம் தர இதுவே வழி என்று திட்டத்தை ஆதரித்தோர் கூறினர். பணமுடை உண்மைதான். ஆனால் நெசவாளி மகன் நெசவும் தச்சன் மகன் தச்சும் கற்பான், நம் மகன் வீட்டில் எதைக் கற்பான்? செத்த மாட்டைத் தூக்குவதையா? வெட்டியான் வேலையையா? கூலிக்குக் களை பறிப்பதற்கு மூன்று மணி நேரப் பயிற்சி எதற்கு? 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டுத் தமிழகம் அதனை எதிர்த்தது. இராஜாஜி பதவி விலகினார். காமராசர் முதல்வரான பின் 1954 மே 18-ஆம் நாள் திட்டம் கைவிடப்பட்டது.

வீட்டில் பிள்ளைக்குக் கற்பிப்பது என்ற பேச்சு எழுந்தாலே நம் மூத்தோர் சிலர் முகம் சுளிப்பதன் காரணம் இதுதான். வீடு என்றால் குலத்தொழில், பள்ளி என்றால் விடுதலை என்று அந்தத் தலைமுறை கண்டது. பிள்ளையை முழுமையாகப் பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அன்று அது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். இன்றும் அப்படியே ஒதுங்கி நிற்பதுதான் பொருந்தவில்லை.

1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்குத் துணை நின்றார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்னும் இயக்கமும் அவர் முயற்சியே. அதன் முதல் மாநாடு 1958-ல் நடந்த இடம் கடம்பத்தூர். நம் பட்டாபிராம் நிலையத்தில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவள்ளூரைத் தாண்டியபின் வருமே, அதே கடம்பத்தூர்! ஊர் மக்களே கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சீருடை என்று தம்மால் இயன்றதைப் பள்ளிக்குத் தந்தார்கள். பெற்றோர் பள்ளிக்குள் வரலாம், வர வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பக்கத்து ஊர்களில் வேரூன்றியது அப்போதுதான்.

அடுத்த ஆண்டில் நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். என் தந்தையார் மூட்டை தூக்குபவர். தாயார் நடவுக்கும் களைக்கும் போகிறவர், கையெழுத்து அறியாதவர். இரவில் அடுப்பங்கரையில் சிம்னி விளக்கை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "படி" என்பார். நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான் தடுமாறும் இடம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "அங்க இன்னாமோ முழுங்கற, மறுபடி சொல்லு" என்பார். ஒரு கதை படித்தால், "அப்புறம் அந்த நரி இன்னா ஆச்சு?" என்று கேட்பார். நாற்று முடிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணச் சொல்வார். பத்துகளும் ஒன்றுகளும் எனக்குப் பள்ளியில் புரிவதற்கு முன்பே வரப்பில் புரிந்தன. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடமதிப்புக் கற்பிக்கும் முறையைப் பாடமாகப் படித்தபோது, இதை என் தாயார் செய்தாரே என்று வியந்தேன்.

பாடம் மாறிவிட்டது என்ற முறையீட்டுக்கு வருகிறேன். மாறியது உண்மை. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் 2007-ல் மாநிலமெங்கும் வந்தபோது, அ, ஆ என்னும் வரிசையை விட்டு எழுதுவதற்கு எளிய ட, ப, ம என்னும் எழுத்துகளில் தொடங்கினர். ஊரே சிரித்தது. ஆனால் அம்மூன்றைக் கற்றவுடனே குழந்தை 'படம்', 'பட்டம்', 'மடம்' என்று படிக்கத் தொடங்கிவிடும், புள்ளியின் பயனும் விளங்கிவிடும். உயிரெழுத்துப் பன்னிரண்டையும் வரிசையாக முடித்த குழந்தையால் அவ்வளவு விரைவில் ஒரு சொல்லைப் படிக்க இயலாது.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைக் காணாமலே மூன்றாம் வகுப்பை நெருங்கிய பிள்ளைகள் நம் தெருவிலேயே இருந்தனர். அக்குறையைப் போக்க வந்ததே 'எண்ணும் எழுத்தும்' இயக்கம். 2022 சூன் 13-ஆம் நாள் அது தொடங்கப்பட்டதும் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் நோக்கம். குழந்தையின் கற்றல் நிலையைக் கண்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை அரும்பு நிலையில் இருந்தால் அதற்காக அடிக்காதீர்கள். எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த நிலைக்கு என்ன வேண்டும் என்று ஆசிரியரைக் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. நம்மவர் பலர் அக்கூட்டத்துக்குக் கையெழுத்திட மட்டுமே போகிறார்கள்.

நம் சங்கத்தின் மாலை வகுப்பில் அண்மையில் ஒரு சிறுமியைப் பார்த்தேன். ஏட்டில் ஒரே சொல்லைப் பத்து முறை முத்து முத்தாக எழுதியிருந்தாள். அதே சொல்லைச் சுவரொட்டியில் காட்டினால் படிக்கத் தெரியவில்லை. வீட்டில் டியூஷன் வைத்திருக்கிறோம் என்றார் தந்தை. பத்து முறை எழுத வைக்கும் நேரத்தில் கால் மணி நேரம் அவளைப் படிக்கச் சொல்லிக் காதால் கேளுங்கள் என்றேன். புளியங்கொட்டையைக் கூட்டிக் கழிக்கட்டும், கடையில் மிச்சச் சில்லறையை அவளே வாங்கட்டும், பாட்டி கதை சொல்லட்டும். முதல் மூன்று வகுப்புக்கு இவற்றைவிடப் பெரிய பாடம் எதுவும் இல்லை. தந்தைக்கு நம்பிக்கை பிறக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. மறு வாரம் அவளே வந்து, "அப்பா நேத்து கேட்டாரு சார், பாதியில தூங்கிட்டாரு" என்றாள்.

ஒரு வேண்டுகோள். லேபர் ஸ்கூலில் படித்த முதியோர் நம் பகுதியில் இன்னும் சிலர் உள்ளனர். வீட்டில் அவர்களைப் படிக்க வைத்தது யார், எந்த விளக்கில் படித்தார்கள், எப்போது நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதை இளைஞர்கள் கேட்டு எழுதி வந்தால் சங்க நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். பழைய பாடப் புத்தகமோ சிலேட்டோ பரணில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.