மெழுகில் ஓர் ஒத்திகை

குடவாசலில் கும்பகோணம் பஸ் ஏறுங்கள். வழியில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளைப் பார்த்தபடி கும்பகோணம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் சுவாமிமலை. ஏதாவது ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள்.

உலோகம் அங்கே கடைசியில்தான் வரும். முதலில் மெழுகு! தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழுச் சிலையையும் செய்துவிடுகிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால், மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில்தான் உருக்கிய உலோகம். சோழர் காலத்து நடராஜர்கள் பிறந்ததும் இப்படித்தான். மூக்கு கோணலா? மெழுகு என்றால் விரலால் ஓர் அழுத்து, போதும். வெண்கலம் என்றால் மறுபடி உலை மூட்ட வேண்டியதுதான்.

அதாவது, தப்பை எல்லாம் மலிவான பொருளில் செய்து முடித்துவிடுவது!

சிலை பார்ப்பதற்கு. கையாளுகிற பொருளுக்கு? அதற்கும் ஊரில் ஒரு வழி இருந்தது. 'ஏர் ரொம்ப ஆழமாப் போகுது ஆசாரி' என்று வந்து சொன்னால், ஆப்பைத் தட்டிச் சரிசெய்து கொடுப்பார் மரத்தச்சர். உழுகிறவரும் செய்கிறவரும் ஒரே ஊர். தொழிற்சாலை வந்த பிறகு அந்தப் பேச்சு அறுந்துபோனது. செய்கிறவர் எங்கோ, உபயோகிக்கிறவர் எங்கோ.

இந்த இடைவெளியில் நுழைந்ததுதான் 'வர்ச்சுவல் ரியாலிட்டி'. 1968-ல் அமெரிக்காவில் ஐவன் சதர்லேண்ட் என்பவர், தலையில் மாட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் வரைந்த உருவம் எதிரே மிதக்கிற மாதிரி ஒரு கருவி செய்தார். தலை திரும்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறும். ஏகப்பட்ட கனம்! கூரையிலிருந்துதான் தொங்கவிட வேண்டியிருந்தது.

1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனம் இந்த வித்தையை அடுப்படிக்குக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர் கண்ணில் கருவியும் கையில் உறையும் மாட்டிக்கொண்டு, இன்னும் கட்டப்படாத தன் சமையலறைக்குள் நுழைவார். அலமாரியைத் திறந்து பார்ப்பார். எட்டவில்லையா? ஓர் ஆணிகூட அடிக்காமல் மாற்றிவிடலாம். இன்று கார், விமான நிறுவனங்கள் பலவும் இதைச் செய்கின்றன. கை பொத்தானுக்கு எட்டுகிறதா, தூண் பார்வையை மறைக்கிறதா என்பதெல்லாம் இரும்பை வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மெழுகுதான், வேறு வடிவில்!

ஆனால், ஒரு குறை. கண்ணுக்குத் தெரிகிற பொருள் கையில் கனப்பதில்லை. கைக்கும் உணர்வு கொடுக்க உலகம் முழுக்க முயற்சி நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் ஆய்வகத்துக்கும் தொடு உணர்வுதான் துறை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு, வந்த வழியே குடவாசல் வயலுக்குத் திரும்புவோம். 2000-களில் திருந்திய நெல் சாகுபடியோடு 'கோனோ வீடர்' என்ற களையெடுக்கும் கருவி தமிழக வயல்களுக்கு வந்தது. குனிந்தே களை பறித்த பெண்களுக்கு நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. நல்ல யோசனைதான். ஆனால், இறுகிய களிமண் சேற்றில் அதைத் தள்ளி இழுப்பதற்குள் பல பெண்களுக்குத் தோள் விட்டுப்போனது. படத்தில் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. சேறு இழுத்தால்தான் தெரியும்.

நம் விவசாயத் தொழிலாளிகளின் உடல் அளவுகளை, ஆண் பெண் இருபாலரிடமும் 79 விதமாக எடுத்துத் தொகுத்து, போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் 2009-ல் புத்தகமாகவே வெளியிட்டது. கருவிக்கு ஏற்ற ஆளைத் தேடாமல் ஆளுக்கு ஏற்ற கருவியைச் செய்வதற்கான அளவுகள் அவை.

ஆக, கண்ணாடி எவ்வளவு உசத்தி என்பதல்ல கேள்வி. அதை யார் தலையில் மாட்டிப் பார்க்கிறோம் என்பதுதான். களை பறிக்கிற அந்த அம்மா தலையில் ஒரு தடவை மாட்டிவிட்டு, 'எப்படி இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். ஆசாரியிடம் சொன்ன மாதிரியே பட்டென்று சொல்லிவிடுவார்.