டப்ளினிலிருந்து தூத்துக்குடிக்கு

தூத்துக்குடியில் ஆஷ் துரையின் நினைவாக எழுப்பப்பட்ட மண்டபம் இன்றும் நிற்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதனின் குண்டுக்கு இரையான திருநெல்வேலி ஆட்சியர் அவர். ஆங்கிலேயர் என்றே நாம் அவரை எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் ராபர்ட் வில்லியம் ஆஷ் அயர்லாந்துக்காரர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்றவர். அடிமைப்பட்ட ஒரு நாட்டில் பிறந்தவர் இன்னோர் அடிமை நாட்டை அடக்க வந்தது எங்ஙனம்?

ஐரிஷ், பிரிட்டிஷ் பகையைக் கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் இடையிலான சமயப் பிணக்கு என்று கூறி முடித்துவிடுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1169இல் நார்மானியப் படை அங்கு இறங்கியபோது இரு சாராரும் கத்தோலிக்கரே. சமயம் பிரிந்தது பதினாறாம் நூற்றாண்டில்தான். 1609 முதல் அல்ஸ்டர் பகுதியின் நிலங்கள் பறிக்கப்பட்டு, ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த புரொட்டஸ்டண்டுக் குடியேறிகளுக்கு வழங்கப்பட்டன. 1649இல் தொடங்கிய குரோம்வெல்லின் படையெடுப்பு மேலும் பறித்தது. 1703 அளவில், பெரும்பான்மையினரான கத்தோலிக்கரிடம் எஞ்சிய நிலம் நூற்றுக்கு ஏறத்தாழப் 14 பங்குதான். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அப்போதும் அந்நாட்டுத் துறைமுகங்களில் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. (1847இல் உதுமானிய சுல்தான் அப்துல் மஜீது ஆயிரம் பவுன் அனுப்பி உதவியதை அம்மக்கள் இன்னும் மறக்கவில்லை.)

நமது கரையின் கதையும் வேறன்று. 1530களில் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் மூண்ட மோதலைச் சமயப்போர் என எழுதுகின்றனர். பூசல் எழுந்ததோ முத்துச் சலாபத்தின் உரிமை பற்றி. போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிப் பரதவர் கிறித்தவரான பின்னரே அதற்குச் சமயப் பெயர் வந்தது. 1538இல் வேதாளைப் போரும் நிகழ்ந்தது.

ஆஷ், அயர்லாந்தின் புரொட்டஸ்டண்டு சமூகத்தைச் சேர்ந்தவர். முதல் வினாவுக்கு விடை இதில் பாதி அடங்கியிருக்கிறது. ஐரிஷ் உழவரின் போர்முறையும் வேறு வழியாக இத்துறைமுகத்தை எட்டிற்று என்பதுதான் விந்தை. 1880இல் மேயோ வட்டாரத்தில் பாய்காட் என்னும் பண்ணை மேலாளருக்கு ஊரார் எவரும் வேலை செய்ய மறுத்தனர். பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே நிலைத்தது. 1908இல் தூத்துக்குடியில் வெள்ளையருக்குத் துணைபோனோர்க்கு நாவிதர்கள் சவரம் செய்ய மறுத்தனர். அப்போது அங்கே அதிகாரியாக இருந்தவர் ஆஷ்தான்.

வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்கு ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8000 பங்குகள் வாங்கி இரண்டு இலட்சம் ரூபாய் தந்திருந்தார். போட்டிக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது; பயணிகளுக்குக் குடையும் இனாமாகக் கொடுத்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கப்பல்கள் விற்கப்பட்டிருந்தன.